பெரட்டுக் களத்தில் நான்கு நிமிடம்

ராத்திரி பத்து மணி. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. லயத்து வீடுகளிலிருந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக் களத்துக்கு ஏறும் பாதையில் ஒரு லைட் கிடையாது. பனி வேறு... கையை நீட்டினால் விரல் தெரியாது.

நம் ரமேஸைத் தெரியும்தானே, பதுளையில் போன் கடை வைத்திருக்கிறானே... அவன் தங்கச்சி நிஷாந்தினி அந்தப் பாதையில் தனியாக ஏறினாள். கையில் மாமா வீரசிங்கத்தின் தப்பு மேளம். கேட்காமல் எடுத்தது.

அவள் கொழும்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சங்கீதம் படித்தாள். கூடப் படித்தவர்களெல்லாம் ஐந்து வயதிலிருந்து வகுப்புக்குப் போனவர்கள். இவள் கோயில் பஜனையில் கற்றவள். இரண்டு பாடத்தில் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். இதுவும் போனால் இன்னொரு வருடம். அந்த ஒரு வருடக் கட்டணத்துக்கு அம்மா ராசம்மா குவைத்தில் இன்னொரு வருடம் சட்டி கழுவ வேண்டும். அம்மாவை வீட்டுக்குக் கூப்பிட வேண்டும்... அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பாடம் இதுதான்: உன் ஊர் இசை, நீயே வாசித்தது, நான்கு நிமிடம். ராத்திரி பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்தது சாவு மேளம் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியது. மாமாவிடம் கேட்டதற்கு அவர் முகம் கொடுக்கவில்லை.

"அது வெளாட்டு இல்ல தாயி. எடுத்தா குழி வரைக்கும் அடிக்கணும். நடுவுல நிப்பாட்டினா பொணம் வழியிலயே நின்னுரும்."

"பொணமே இல்லையே மாமா."

"அதான் சொல்றேன். வழியில நிக்கப்போறது யாருன்னு தெரியாதுல்ல."

தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது பெரட்டுக் களத்தில் மட்டும். அது லயத்துக்கும் மயானத்துக்கும் சரிபாதி வழி. சாவு ஊர்வலம் அதைத் தாண்டித்தான் மேலே போகும்.

அடிக்கும் முன் மாமா செய்வதுபோல், பழைய பேப்பரைக் கொளுத்தித் தப்பின் தோலை அனலில் காய்ச்சினாள். கருகிய தோல் வாடை... போனைக் கல்லில் சாய்த்து வைத்து அடித்தாள். ஒரு அடிகூடப் பிசகவில்லை. தன் கை இப்படி அடிக்கும் என்று அவளே நினைத்ததில்லை. நான்கு நிமிடம் ஆனதும் குச்சியைக் கீழே வைத்தாள்.

பத்து நாற்பது. பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்போது போன் அடித்தது. அம்மாவின் நம்பர்.

எடுத்தாள். பேச்சில்லை. காற்றுச் சத்தம் மட்டும். இங்கே சவுக்கு மரத்தில் காற்று எழும்பும்போது போனிலும் எழும்பியது. இங்கே அடங்கும்போது... போனிலும் அடங்கியது.

"ஏன்டி நிப்பாட்டிட்ட?" என்றாள் அம்மா. "நான் வழியிலயே நிக்கிறேன்."

விடிந்ததும் அழைத்துக் கேட்டாள். ராத்திரி தான் பேசவே இல்லை என்று அம்மா சிரித்தாள். போனைத் திறந்து பார்த்தால் அப்படி ஒரு அழைப்பே இல்லை.

நிஷாந்தினி பாஸ். வகுப்பிலேயே அதிக மார்க். அடுத்த மாதம் அம்மா வந்து இறங்கினாள். இளைத்திருந்தாள், நன்றாகச் சாப்பிட்டாள், பக்கத்து வீட்டாரோடு கதைத்தாள். எல்லாம் சரி.

அன்று ராத்திரி பத்து நாற்பதுக்கு எழுந்தாள். செருப்பில்லாமல் ஏறிப் பெரட்டுக் களத்தில் போய் நின்றாள். மயானப் பக்கம் முகம். கண் திறந்தபடி. விடியும்வரை.

மறுநாளும். அதற்கு மறுநாளும். கதவைப் பூட்டினால் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். மகள் கையைப் பிடித்து இழுத்தால் ஒரே பேச்சு: "அடி. போவோம்."

மாமா வந்து பார்த்தார். பிறகு, "மிச்சத்த அடிச்சாத்தான் இது தீரும்," என்றார். "அடிச்சா ஒங்கம்மா போயிருவா."

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பதிவு அருமையாம். இறுதிப் பரீட்சைக்கு அதே மேளத்தை முழுசாக வாசிக்க வேண்டுமாம்.

அவள் போகவில்லை. படிப்பை விட்டுவிட்டாள். ராத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு சால்வையைப் போர்த்திவிடுகிறாள்... அவ்வளவுதான் செய்ய முடிகிறது.

தப்பு மாமா வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யாரும் எடுத்து அடிப்பதில்லை. போன வாரத்திலிருந்து, காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் மாமா அதில் கை வைத்துப் பார்க்கிறார்.

தோல் சூடாக இருக்கிறது. யாரோ காய்ச்சி வைத்ததுபோல்.