வளைவில் இருந்த இருபது போர்டு

காகிதப்பூச் செடிக்குத் தண்ணீர் அதிகம் விடக்கூடாது, வக்கீலம்மா. கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். ஊற்ற ஊற்ற வெறும் இலையாகத் தழைத்துக்கொண்டு போகும். அது தெரிந்தும் தினமும் ஒரு குடம் ஊற்றினேன். உட்காருங்கள். அருள்பாண்டி ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போயிருக்கிறான், வர ஒரு மணி நேரம் ஆகும். அவன் கேஸை நடத்துகிறவர் நீங்கள், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

சுப்பராயன் என்று கேட்டால் லாரிக்காரர்களுக்கு என்னைத் தெரியாது, 'ஸ்பீடு சார்' என்றால் தெரியும். ஒரகடத்தில் அந்த குடோன் வளாகத்தில் பதினொரு வருஷமாக சேஃப்டி வேலை. கேட்டிலிருந்து சரக்கு இறக்கும் இடம்வரை உள்ளேயே ஒன்றரை கிலோமீட்டர் ரோடு. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. போனால், வேகம் அளக்கிற ஸ்பீடு கன்னில் பிடிப்பேன். மாட்டிய டிரைவர் என் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து அறிவுரை கேட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியை எடுக்கலாம். கவுன்சிலிங் என்று அதற்குப் பெயர்.

முதலில் அங்கே போர்டே கிடையாது. இரண்டு நாள் தூக்கமில்லாமல் ஓட்டிக்கொண்டு வருகிறவனிடம் எத்தனையில் போக வேண்டும் என்று சொல்லாமலே பிடிப்பது அநியாயம் என்று மேனேஜரோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியது நான்தான். வளைவுக்கு முன்னால், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி இருபது போட்ட வட்டப் போர்டு வைக்கவைத்தேன். டிரைவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வேகமாக வரவில்லை. என் அறைக்கும் யாரும் வரவில்லை.

என் மனைவி அம்சவல்லி புனேயில் இருக்கிறாள். மகள் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். இப்போது பேத்தி ஸ்கூலுக்குப் போகிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "சாப்ட்டீங்களா, மாத்திர போட்டுக்கினீங்களா" என்பாள், வைத்துவிடுவாள். போர்டு வைத்த பிறகு நாற்பது நாள் என் எதிர் நாற்காலியில் ஒருவர்கூட உட்காரவில்லை. சாயங்காலம் கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது என் குரல் கரகரக்கும். அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். மிகவும் கஷ்டமாக இருந்தது, வக்கீலம்மா.

ஐப்பசி மழையில் போர்டுக்குப் பக்கத்திலிருந்த காகிதப்பூ ஒரு கிளையை நீட்டி இருபதின்மேல் போட்டது. மறுநாளே ஒரு ஆந்திரா டிரைவர் முப்பத்தாறில் வந்தார். அறிவுரையை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். மிச்ச நேரமெல்லாம் தன் எருமைகளைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். கிளையைத் திங்கட்கிழமை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றினேன்.

தினமும் புதுப்புது டிரைவர்கள் வருகிற இடம் அது. வாரத்துக்கு நான்கைந்து பேர் மாட்டினார்கள். யாரிடமும் கடுமையாக நடந்துகொண்டதில்லை. போகும்போது சிலர் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த ரோட்டைப் பெருக்குகிற செல்வலட்சுமி மட்டும் கவனித்துவிட்டாள். மண்ணூரிலிருந்து வருகிறவள். "சார், போர்டே தெரில, நானே வெட்டி வுட்டுடட்டா?" என்றாள்.

"வேணாம்மா, அத்த தொடாத. பூ வெக்கட்டும்."

"எங்க சார் பூவு, வெறும் எலையாத்தான் கீது" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பிப்ரவரி மாதம், மதியம் இரண்டு மணி, ஷிப்ட் மாறுகிற நேரம். அருள்பாண்டிக்கு எங்கள் வளாகத்தில் அதுதான் முதல் லோடு. என் கையில் ஸ்பீடு கன் முப்பத்தெட்டு காட்டியது. சரி, இன்றைக்கு ஆள் கிடைத்தாயிற்று என்று நினைத்தேன். சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது. செல்வலட்சுமி குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வளைவில் குறுக்கே போயிருக்கிறாள்.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். நான் அறைக்குப் போய்ச் செடி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனேன். நான்கு கிளைகள். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வீசினேன். போலீஸ் எடுத்த போட்டோவில் இருபது எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அவளுக்கு இரண்டு பெண்கள் என்று மறுநாள் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எத்தனையோ டிரைவர்களின் பிள்ளைகள் பெயர் எனக்கு மனப்பாடம். இவளிடம் கேட்டதில்லை.

அருள்பாண்டிக்கு சங்கரன்கோவில் பக்கம். மனைவி, இரண்டு பிள்ளைகள் அங்கே. ஜாமீனில் வந்தவன் திங்கட்கிழமைதோறும் இங்கே கையெழுத்துப் போட வேண்டும். லைசென்சும் போய், லாரி ஓனரும் கைவிட்டு நின்றான். நான்தான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒன்பது மாதம் ஆகிறது. அருமையாக ரசம் வைப்பான். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

சாப்பிடும்போது கேட்பான்: "அண்ணாச்சி, நெசமாவே அங்க போர்டு இருந்துச்சா? என் கண்ணுல படவே இல்லியே."

"இருந்துச்சுப்பா. நீதான் கவனிக்கல."

கண் டாக்டரிடம் நானே அழைத்துப் போனேன். கோளாறு எதுவும் இல்லை என்றார். ஆனாலும் அவன் தன் கண்ணை நம்புவதில்லை. என்னோடு ரோட்டைக் கடக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். செல்வலட்சுமி பெயரைச் சொல்லி அழுகிறான். நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். அதைச் செய்ய ஆள் வேண்டுமல்லவா.

கோர்ட்டில் முக்கியச் சாட்சி நான். ஐந்து தடவை சம்மன் வந்தது, ஐந்து தடவையும் உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் அனுப்பினேன். நிஜத்தைச் சொன்னால் விடுதலையாகி ஊருக்குப் போய்விடுவான். பொய் சொன்னால் ஜெயிலுக்குப் போய்விடுவான். வாய்தா போட்டால் ராத்திரி இந்த வீட்டில் இரண்டு தட்டு வைக்கலாம்.

போன வாரம் அவன் மகள் போனில் அழுதிருக்கிறாள். "குத்தத்த ஒத்துக்கிடுதேன் அண்ணாச்சி, உள்ள இருந்து முடிச்சுட்டு ஊரப் பாக்கப் போறேன்" என்கிறான். அதனால்தான் உங்களுக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன்.

ஆமாம், போர்டை மறைத்தது நான். கிளையை வெட்டி எறிந்தது நான். செல்வலட்சுமி செத்ததற்குக் காரணம் நான், அவன் இல்லை. கோர்ட்டில் கூண்டேறி இதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன், அடுத்த மாதம் இல்லாவிட்டால் அதற்கடுத்த மாதம். அதுவரை அவன் அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு வாய்தா மட்டும் வாங்குங்கள். அவனிடம் இப்போது எதுவும் சொல்லிவிட வேண்டாம், தாங்க மாட்டான். யோசித்துப் பாருங்கள், இந்த ஊரில் என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?