மகளுக்கு நாற்பதாம் நாள், பால் நின்றது

ஓடுகிறேன். குழந்தை மார்பில். காம்பு இன்னும் அவள் வாயில்தான். நான்காம் மாடி. மூன்றாம் மாடி. படியெல்லாம் கண்ணாடித் தூள். காலில் செருப்பு இல்லை.

காலை ஒன்பது பத்து. முதல் சத்தம் தூரத்தில் கேட்டது. இரும்புக் கதவை யாரோ அறைந்து சாத்தியது மாதிரி. இரண்டாவது சத்தத்தில் எங்கள் ஜன்னல் கட்டில் மேல் விழுந்தது. மூன்றாவதுக்கு நான் நிற்கவில்லை.

“தஹ்த்! தஹ்த்!”

கீழே, கீழே என்று இரண்டாம் மாடி வாசலில் நின்று ஒரு பெண் கத்துகிறாள். அவள் தோளிலும் ஒரு குழந்தை. பெயர் ஹனான். அந்த ஊர்க்காரி. அதுவரை படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இறங்கினாள்.

என் பெயர் சபீனா. சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். என் கணவர் காதர் அந்த நாட்டில் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். நகரத்தின் பெயரை எழுதவில்லை. தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தேதியும் எழுதவில்லை. அப்போது என்னிடம் இருந்த ஒரே நாள்காட்டி என் மகள் ஸாராவின் வயது. அன்று அவளுக்கு முப்பத்தெட்டாம் நாள்.

கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடம். பத்தொன்பது பேர் இருந்தோம். காதர் வேலைக்குப் போனவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். பாலத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் ஒருமுறை போன் கிடைத்தது.

“பிள்ளய விட்டுறாத. நான் வந்துருவேன்” என்றார்.

“எப்ப வருவீக?”

போன் அறுந்தது.

குண்டு விழும்போது தரை முதலில் நடுங்கும். சத்தம் அப்புறம்தான் வரும். அந்த இடைவெளியில் நான் ஸாராவின் காதைப் பொத்துவேன். அவள் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

பால் இறங்கும்போது மார்பில் ஊசி குத்துவது போல் சுருக்கென்று இருக்கும். நாற்பதாம் நாள் அது வரவில்லை. குடும்பத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு ரொட்டி. நாற்பத்திரண்டாம் நாள் மார்பு துணிப்பை மாதிரி தொங்கியது. அழுத்தினேன். ஒரு சொட்டு. இன்னொரு பக்கம் அதுவும் இல்லை. ஸாரா வாய் வைத்து இழுக்கிறாள், விடுகிறாள், கத்துகிறாள். மீண்டும் இழுக்கிறாள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று காதர் வாங்கிவைத்த பால்பவுடர் டப்பா ஒன்று மேலே சமையலறையில் இருந்தது. அன்று பகல் ஒரு மணிக்குச் சத்தம் ஓய்ந்தது. பிள்ளையை ஹனானிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். நான்கு மாடி. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியே தெரு தெரிந்தது. தெருவில் ஒருவர் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் காய்கறிப் பை. நான் டப்பாவை எடுத்தேன். பாதிதான் இருந்தது.

நாற்பத்துநான்காம் நாள் முதல் பவுடரைக் குறைத்தேன். இரண்டு கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு ஒரு கரண்டி. டப்பா தீர்ந்துவிடக் கூடாது என்ற பயம். அடுத்த நாளிலிருந்து அதிலும் பாதி. வெள்ளையாக இருந்தது, அதனால் பால் என்று என்னையே நம்பவைத்தேன்.

ஸாரா அழுவதை நிறுத்தினாள். அதுதான் இருந்த சத்தங்களிலேயே மோசமானது. சத்தம் இல்லாதது.

ஹனான் என்னிடம் கேட்கவில்லை. என் மடியிலிருந்து அவளை எடுத்தாள். முந்தானை மாதிரி இருந்த துணியை இழுத்துவிட்டுத் தன் மார்பில் வைத்தாள். அவள் மகன் யூசுஃபுக்கு ஐந்து மாதம். அவளுக்கே சாப்பாடு கிடையாது. ஸாரா விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. க்ளக். க்ளக். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நன்றியா பொறாமையா, தெரியவில்லை. நான்கு நாள் அப்படிக் கொடுத்தாள். தினமும் இரண்டு முறை. சில நாள் மூன்று.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை ஏழு இருபது. இந்தியர்களை ஏற்றிக்கொள்ளத் தெரு முக்கில் பேருந்து நிற்கிறது என்று யாரோ கத்தினார்கள். “ஓடுங்க! பத்து நிமிஷந்தான்!” ஹனானின் கையைப் பிடித்தேன். அவள் வர முடியாது என்று தலையாட்டினாள். அவளிடம் எங்கள் நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை. வாசல் வரைக்கும் வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நேரம் இல்லை.

இருபது மணி நேரம் பேருந்து. பிறகு கப்பல். பிறகு விமானம்.

ஐம்பத்துமூன்றாம் நாள் கோட்டையூர். என் அம்மா வாசலில் நின்று பிள்ளையை வாங்கினார். வாங்கிய கை அப்படியே நின்றது. எடையைக் கை சொல்லிவிட்டது.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையம். நர்ஸ் செல்வி தராசில் வைத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். பிறந்த ஒரு மாதத்தில் மூன்று கிலோ எழுநூறு இருந்தவள். இப்போது மூன்று கிலோ நானூறு.

“பவுடரு எப்படிக் கலந்து குடுத்தீக?”

“டப்பாவுல போட்டிருந்த மாதிரிதான்” என்றேன்.

பொய். அவர் என்னைப் பார்த்தார். அந்த நிமிடமே ஆட்டோ வரவழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே மூன்று நாள் வைத்திருந்தார்கள். தொற்று எதுவும் இல்லை, பட்டினிதான் என்றார் டாக்டர். பட்டினி. நான் போட்ட பட்டினி.

வீடு திரும்பிய அன்று செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அழுதுகொண்டே சொன்னேன், பவுடரில் தண்ணீரைக் கூட்டினதை. அவர் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையில இருந்தது அவ்வளவுதான?”

“ஆமா.”

“அப்ப இருந்ததக் குடுத்திருக்கீக. இனிமே சரியான அளவுல கலங்க. ஒரு கரண்டிகூடக் குறைக்கக் கூடாது. பவுடர நிப்பாட்டுறது எப்பன்னு நான் சொல்லுறேன்.”

“எனக்குப் பாலு வருமா?”

“பாலு வந்தாத்தான் பிள்ளைக்கு வைக்கணும்னு நினைக்கீக. வச்சாத்தான் வரும். இங்குட்டுத் திரும்புங்க, எப்படிப் பிடிக்கிறாள்னு பாப்போம்.”

ஸாரா காம்பின் நுனியை மட்டும் கவ்வினாள். செல்வி அவள் உடம்பை என் வயிற்றோடு திருப்பிச் சேர்த்தார். வாயை நன்றாகத் திறக்கும் வரை காத்திருந்து நெருக்கி வைத்தார். வலி குறைந்தது.

இப்படித்தான் நாள் போனது. முதலில் இரண்டு மார்பிலும் வைக்க வேண்டும். பிறகு சரியாகக் கலந்த பவுடர்ப் பால், பாட்டிலில் இல்லை, பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாக. பிறகு பத்து நிமிடம் கையால் பீய்ச்ச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. மற்ற நேரம் பிள்ளையைத் துணியில்லாமல் என் தோலோடு படுக்கவைக்க வேண்டும். நனைந்த துணியை எண்ண வேண்டும். ஆறுக்குக் குறைந்தால் உடனே போன் செய்ய வேண்டும்.

முதல் நாள் பீய்ச்சியது பாலாடையின் அடியை நனைக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். அறுபதாம் நாள் ஒரு ஸ்பூன். அம்மா தொண்டியிலிருந்து வந்த பால்சுறாவைப் புட்டாக்கினார். பூண்டை நெய்யில் வதக்கினார். முருங்கைக்கீரை தினமும். “தின்னுங்க, நல்லதுதான். ஆனா தின்னுட்டுப் படுத்திராதீக, பீய்ச்சணும்” என்றார் செல்வி.

ஒவ்வொரு செவ்வாயும் தராசு. அறுபத்துநான்காம் நாள் மூன்று கிலோ எழுநூறு. செல்வி முதன்முறையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது பவுடரின் எடை என்று எனக்குத் தெரியும். எழுபத்தொன்றாம் நாள் மூன்று கிலோ தொள்ளாயிரம். அன்று பவுடர்ப் பாலில் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். குறைக்கும்போது கை வரவில்லை. அதே கை, அதே கரண்டி. அம்மாதான் கலந்தார்.

எழுபத்துநான்காம் நாள். காலை பத்து நாற்பது. ஸாரா இடது பக்கம் குடிக்கிறாள். நெடுநாள் கழித்து அந்தச் சுருக் வந்தது. வலது பக்கம் தானாகச் சொட்டி ரவிக்கை நனைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வெடித்தது.

கட்டிலுக்கு அடியில் கிடக்கிறேன். பிள்ளை எனக்கு அடியில். என் வாயிலிருந்து வந்த சொல் தமிழ் இல்லை. “தஹ்த்! தஹ்த்!”

“ஏ புள்ள, வெடிதான். சரவெடி. அடுத்த தெருவுல கல்யாணத்துக்குப் போடுறாக.” அம்மா தரையில் படுத்து என் முகத்துக்கு நேராக முகம் வைத்துச் சொன்னார். வெளியே வர எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

அன்று முழுக்கப் பால் இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. அவ்வளவும் போயிற்று என்று படுத்துவிட்டேன். செல்வி வந்தார்.

“பாலு உள்ளதான் இருக்கு. பயம் வாசல அடைச்சிருக்கு. பீய்ச்சறத மட்டும் விட்டுறாதீக.”

கல்யாண வீட்டுக்காரர்களிடம் அவரே போய்ப் பேசியிருக்கிறார். மறுவீட்டுக்கு வெடி போடவில்லை. மூன்றாம் நாள் மாலை சொட்டியது.

எழுபத்தேழாம் நாள் காதர் வந்தார். இளைத்திருந்தார். இடது காது கேட்கவில்லை. பக்கத்தில் விழுந்த குண்டு. பிள்ளையைத் தூக்கப் பயந்தார். நான் அவர் மடியில் வைத்தேன். ஹனான் பால் கொடுத்ததைச் சொன்னேன்.

“பாலு குடுத்தவுக தாயி. அப்ப அந்தப் பையன் இவளுக்கு அண்ணன்” என்றார்.

ஹனானுக்குத் தினமும் குரல் செய்தி அனுப்பினேன். ஸாராவின் எடையைச் சொல்வேன். எனக்குத் தெரிந்த பத்து அரபுச் சொல்லில் சொல்வேன். எதுவும் போய்ச் சேரவில்லை.

தொண்ணூறாம் நாள் காலை பதினொன்று. காதரின் போனுக்குச் செய்தி வந்தது. அவரோடு வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் அனுப்பியது. நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். காதர் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

“குடுத்து முடி. அப்புறம் சொல்லுறேன்.”

“இப்பச் சொல்லுங்க மச்சான்.”

கட்டடம் விழுந்துவிட்டது. நாங்கள் கிளம்பிய ஆறாம் நாள். அடியிலிருந்து ஹனானின் உடலை எடுத்துவிட்டார்கள். பையனை எடுக்கவில்லை. அதற்கு முந்தின நாள் அவள் தங்கை வந்து ஒரு பிள்ளையைத் தூக்கிப் போனதாக ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் இல்லை என்கிறார்.

ஸாரா குடித்துக்கொண்டிருந்தாள். க்ளக். க்ளக். இந்த முறை பால் நிற்கும் என்று பயந்தேன். நிற்கவில்லை. அழுதுகொண்டே கொடுத்தேன். இரண்டு பக்கமும்.

இன்று ஸாராவுக்கு நூற்று முப்பதாம் நாள். ஐந்து கிலோ எண்ணூறு. பவுடர் மாலையில் ஒரு வேளை மட்டும் இருக்கிறது. அதையும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும், அவசரமில்ல” என்றார் செல்வி. தராசுக்குப் போகும் காலையில் இன்னும் வாய் உலர்கிறது. லாரி டயர் வெடித்தால் தரையில் விழுகிறேன்.

இழந்ததை எழுதி வைக்கிறேன்.

நான்காம் மாடியில் ஒரு வீடு. அதில் இருந்த எல்லாம்.

காதரின் இடது காது.

என் வலது மார்பில் பாதிப் பால். அது திரும்பவில்லை. இனி திரும்பாது போலிருக்கிறது.

ஸாராவின் உடம்பில் முந்நூறு கிராம். திரும்பியது. ஆனால் அந்த நாட்களில் அவள் அழாமல் கிடந்தது என்னிடமே இருக்கிறது.

அந்த அடித்தளத்தில் இருந்த பத்தொன்பது பேரில் செய்தி தெரிந்தவர்கள் எட்டுப் பேர்.

இறந்தவர் ஒருவர் என்று உறுதி. ஹனான். வயது கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

காணாதவர்கள் பதினோரு பேர். அதில் யூசுஃப். அப்போது ஐந்து மாதம். இப்போது எட்டு.