பத்து செகண்டுக்கு ஒரு வயல்

அவார்டு எங்க ஓடிடப் போகுது மேடம், மேஜை மேல வைங்க. அந்தக் கேமராவையும் அணைங்க. மொதல்ல நான் கேட்ட ஒரு வயல் போட்டோவ, பூட்டினத, திறந்து விடுங்க. ஆறு மணிக்கு லிஸ்ட் சர்க்காருக்குப் போயிடும். அதுக்குள்ள அந்த வயலுக்கு நான் போட்ட பேர மாத்தணும்.

ஒண்ணுதானேன்னா? ஆமா, லட்சம் போட்டோ பார்த்தாச்சு, ஒண்ணு என்ன பெருசு. இந்த ஆபீஸ்லயே தமயந்திதான் ஃபாஸ்ட், பத்து செகண்டுக்கு ஒரு வயல். எங்க கோலார் தங்கவயல விட்டா ஆபீஸ் இருக்கற இந்த ஈஜிபுரா, வேற ஊர் பார்த்ததில்ல. ஆனா இந்தியாவுல எங்க என்னா வெளையுதுன்னு சொல்றது நான்தான். பஞ்சாப் கோதுமை நல்ல பிள்ளை, யூனிஃபார்ம் போட்டாப்ல நிக்கும், ஒரே அமுக்கு. நாகாலாந்துக்காரங்கதான் மோசம். ஒரே மலைச்சரிவுல நெல்லு, மக்காச்சோளம், பூசணி, மிளகா. நம்ம மெனுவுல பன்னெண்டு பயிர் பேருதான் இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, பாவம். மற்றவைன்னு தட்டி விட்டேன். கேரளாவுல தென்னைக்குக் கீழ வாழை, சேனை, மிளகுக்கொடி எல்லாம் இருக்கும். ரூல்படி நமக்குத் தென்னை ஒண்ணுதான் தெரியணும்.

ரூல் நீங்க போடலயா? தெரியும் மேடம். யாருமே போடல, அதுவா மொளைச்சிருக்கும்.

நம்ம கோலார் பக்கம் இன்னும் வேடிக்கை. ராகி நடுவுல சால்சாலா அவரை, துவரை, ஆமணக்கு. ராகிய அறுத்தப்புறமும் மத்ததெல்லாம் தை வரைக்கும் நிக்கும். நம்ம ரூல்ல, முக்கியப் பயிர் கண்ணுல படலன்னா அது காலி நிலம். காலி நிலத்த சர்க்கார் ஃபேக்டரிக்கு எடுத்துக்கலாம். மனுஷங்க சாப்புடறதெல்லாம் முக்கியப் பயிரா என்ன?

எந்த போட்டோவா? பங்காருப்பேட்டைக்கு அந்தப்பக்கம், ரெண்டு ஏக்கர். ராகித் தாளுக்கு நடுவுல அவரை பூத்திருக்கு. நான் காலின்னு அமுக்கிட்டேன். அமுக்கினப்புறந்தான் ஓரத்துல ஒரு பொம்பள நிக்கறதப் பார்த்தேன். மூஞ்சிய நம்ம மெஷினே அழிச்சிடுச்சு, அடையாளம் தெரியக்கூடாதாம். நல்ல ரூலு. புடவைக்கு மேல போட்டிருந்த சட்டை மட்டும் பளிச்சுனு இருக்கு, முதுகுல நம்ம கம்பெனி பேரு. போன வருஷம் நீங்க எனக்குக் குடுத்த சட்டை மேடம். வெயிலுக்கு ஆகும்னு எங்கம்மாவுக்கு அனுப்பி வச்சேன்.