ஆறும் பதினெட்டும்

எனக்கு யாரோடும் தகராறு பிடிக்காது. துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை நான். ஒரு தடவை சொன்ன விலையை இறக்கமாட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் செம்பு அணுக்களை நுண்ணிய கொத்துகளாகச் சேர்ப்போம். அந்தச் செம்போடு பிணைந்து உள்ளே ஹைட்ரஜன் ஒளிந்திருக்கும். எக்ஸ்ரேவுக்குச் சரியாகத் தென்படாத சரக்கு அது. ஒரு கொத்துக்கு ஆறு ஹைட்ரஜன் என்று கட்டுரை எழுதினேன். அதில்தான் எனக்குப் பெயர் வந்தது.

என் மனைவியின் தங்கை கணவரும் அங்கேதான் வேலை. சகலைக்குச் சந்தேகப் புத்தி. நான் போட்டுத் தரும் தேநீரைக்கூட ஒரு தரம் முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். பதினெட்டு இருக்கும் என்றார். பன்னிரண்டில் முடித்துக்கொள்வோமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

"ஹைட்ரஜன்கிட்ட பேரம் படியாது, அண்ணே. சூடு பண்ணி வெளியே எடுத்தா தெரிஞ்சுடும். பதினெட்டுன்னா நானே எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

மூடிய கண்ணாடிக் குழாயில் தூளைச் சூடாக்கி, வெளிவரும் வாயுவின் அழுத்தத்தை அளப்பது அவர் திட்டம். பதினெட்டைத் தாங்கும் தடித்த குழாயாகக் கேட்டார். காற்றுப் பட்டால் தூள் கெட்டுவிடும். ஆகவே தூளைச் செய்தவரே குழாயில் அடைத்து, சூடேற்றும் உறைக்குள் பொருத்திக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

நான் மெல்லிய குழாயில் அடைத்தேன். ஆறுக்கு அது தாராளம். தடித்ததைக் கொடுத்தால் பதினெட்டை நானே ஒப்புக்கொண்டதாகாதா? உறைமேல் மட்டும் 'தடித்தது' என்று எழுதினேன், அவர் கேட்டபடி.

உறையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையும் பிரிச்சுப் பாத்தா அப்புறம் நமக்குள்ள என்ன உறவு, அண்ணே?" என்றார்.

பிரிக்கவில்லை. அழுத்தமானியின் முள்ளைப் படிக்கக் கிட்டே குனிந்தார். முள் ஆறுக்குரிய அழுத்தத்தைத் தாண்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். குழாய் உறையோடு வெடித்து, கண்ணாடி அவர் கழுத்தில் பாய்ந்தது.

என் மேசை இழுப்பறையில் இருந்த கடிதத்தைப் பற்றி விசாரணையில் கேட்டீர்கள். ஆமாம், எக்ஸ்ரேவுக்குத் தப்பும் ஹைட்ரஜனையும் எண்ணிவிடும் நியூட்ரான் சோதனையின் முடிவுதான். பதினெட்டு. அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. படித்துவிட்டுத்தான் உள்ளே வைத்தேன்.

நான் நன்றி மறக்கிறவன் இல்லை. திருத்திய கட்டுரையில் சகலையின் பெயரையும் சேர்த்திருக்கிறேன், என் பெயருக்கு அடுத்ததாக.