மேஸ்திரியம்மா எடுத்த மஸ்டர்

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஹில்டா டீச்சர் அவர்களே! நான் எங்கே விடிய விடியப் பேசிவிடுவேனோ என்ற கவலையோடு மேடையில் உட்கார்ந்திருக்கும் லைன்மேன் லியாகத் அலி அவர்களே! வியாசர்பாடி எட்டு பிளாக் குடியிருப்பின் தாய்மார்களே, பெரியோர்களே, ஷிப்டு முடித்துக் குளிக்காமல்கூட ஓடிவந்திருக்கும் தம்பிமார்களே! துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு மூட்டை தூக்கியவனும், இந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளனுமான அசோகனின் வணக்கம்.

நம் மேஸ்திரியம்மா போய்விட்டார். துப்புரவு மேஸ்திரி கன்னியம்மா அவர்கள், எழுபத்தாறு வயதில், போன செவ்வாய்க்கிழமை காலை டீ குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். தன் வீட்டில், தன் கட்டிலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. அழுகிறீர்களா? அழுங்கள், நானும் மூன்று நாள் அழுதேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அவர் கண்மூடிய வீடு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அரசாங்கம் அவரைக் காலி செய்யச் சொன்ன அதே மண்ணில் நிற்கிறது. இந்த நிறைவு எத்தனை பேருக்கு வாய்க்கும்! அதனால் நானும் நிறைந்த மனசோடுதான் பேச வந்திருக்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அன்று நம் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடம் பழசாம், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீடு தருவார்களாம். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பம்! அங்கே போனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை மணிக்கு பஸ் பிடிப்பார்கள்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம்? யாராவது கேட்டார்களா?

அன்று மாலை சங்க அறையில் கூடினோம். சொந்த அரசாங்கத்தை எதிர்த்து ஜனங்கள் ஜெயிக்க முடியுமா என்பதுதான் பேச்சு. நான் என்ன பேசினேன் தெரியுமா? பத்து லட்சம் பேர் தெருவுக்கு வந்தால்தான் கோட்டை அசையும் என்று மேசையைக் குத்திப் பேசினேன். மேசைக்கு ஒரு கால் போனதுதான் மிச்சம். ஆட்டோ ஓட்டும் நம் தௌசீஃப் நொந்துபோய்ச் சொன்னார்: "அவனாண்ட போலீசு கீது, துப்பாக்கி கீது, ஜெயிலு கீது. நம்மாண்ட இன்னா கீது, தொடப்பமா?"

முப்பது வருஷம் அந்தத் துடைப்பத்தைப் பிடித்தவர் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "துப்பாக்கி தானா நடந்து வருமா நைனா? எவனாவது தூக்கிகினு வரணும்ல? அவன் யாரு? பேரு சொல்லு. எந்த வூடு?"

தௌசீஃப் என்னைப் பார்த்தார், நான் ஒடிந்த மேசைக்காலைப் பார்த்தேன்!

ஓய்வு பெறும் வரை மேஸ்திரியம்மா பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு மஸ்டர் எடுப்பார். நாற்பது பேர் பெயரையும் கூப்பிட்டு, யார் வந்தார், யார் வரவில்லை என்று புத்தகத்தில் குறிப்பார். இரண்டு பேர் வராவிட்டால் எந்தத் தெரு நாறும் என்று அவருக்குத் தெரியும். ஊரை நடத்துவது மேலே கையெழுத்துப் போடுகிறவர் இல்லை, கீழே வேலைக்கு வந்து நிற்கிறவர் என்பது அவர் அன்றாடம் கண்ட கணக்கு. கூட்டத்துக்கு மறுநாளே இருபது ரூபாய்க்கு நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினார். நம்மைக் காலி செய்ய யார் யார் வேலைக்கு வர வேண்டும் என்று மஸ்டர் போட்டார். கரண்டை வெட்ட லைன்மேன். குழாயை மூட பிட்டர். சாமான் ஏற்ற மாதவரத்து லாரிக்காரர்கள். இடிக்க ஜேசிபி டிரைவர். பெண்களைத் தூக்கிப்போடப் பெண் போலீஸ். எல்லாம் யார்? நம்மைச் சுற்றியிருக்கிற புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்கள்தான்! நம் சி பிளாக்கில் இருந்தே ஒரு காவலர்!

மூட்டு வலியோடு இருபத்தாறு நாள் அலைந்தார். சண்டை போடவில்லை, காலில் விழவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒன்றைத்தான் கேட்டார்: "அன்னிக்கு உன்னதான் அனுப்புவாங்கோ. நீ வருவியோ வரமாட்டியோ, அது உன் இஷ்டம். அதுக்கு முன்னாடி ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குட்ச்சிட்டு போ." வந்தார்கள் ஐயா! ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராக வந்தார்கள். தரையில் குந்தி டீ குடித்தார்கள், நம் பிள்ளைகளின் பெயரைக் கேட்டார்கள்.

இந்தப் புண்ணியவான் அப்போது என்ன செய்தான்? மொட்டை மாடியில் கல் சேர்த்தேன். ஆமாம், சிரியுங்கள்! பதினொரு கூடை. அவர் மேலே வந்து பார்த்தார். "இன்னா அசோகா, மேல இன்னொரு வூடு கட்டப் போறியா?" என்றார். அப்புறம் முகம் மாறியது. "ஒரு கல்லு ஒருத்தன் மேல பட்டா போதும். என் வூட்ல டீ குட்ச்சவன் அத்தினி பேரும் அந்தாண்ட போயிடுவான். கொண்டுபோய் கேட்டாண்ட கீற பள்ளத்துல கொட்டு." கொட்டினேன். பின்னால் நம்மைக் காலி செய்ய வந்த அதிகாரியின் ஜீப் அந்த வழியாகத்தான் ஒரு குலுங்கல் இல்லாமல் உள்ளே வந்தது.

அந்த நாளும் வந்தது. பன்னிரண்டு லாரி சொல்லியிருந்தார்கள், மூன்று வந்தது. ஏற்ற ஆள் இல்லை. ஜேசிபி டிரைவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, "அத்த, தண்ணி குடு" என்றார். சி பிளாக் மதி சீருடையில் தலையைக் குனிந்து நின்றாள். மேஸ்திரியம்மா அவளிடம், "வெயில்ல நிக்காத கண்ணு, நெழலுக்கு வா" என்றார். அந்தப் பெண் விம்மிவிட்டாள். பக்கத்தில் நின்ற மற்றப் பெண் காவலர்களும் நகரவில்லை. அதிகாரி கத்தினார்: "லைன்மேன், ஃபியூஸைப் பிடுங்கு!" இதோ, இந்த லியாகத் அலி, கைகட்டி நின்று சொன்னார்: "இந்த வூட்ல உக்காந்து டீ குட்ச்சிக்கீறேன் சார். என் கையால புடுங்க மாட்டேன்."

அதிகாரி என்ன செய்வார் பாவம்! கையில் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கிறது, செய்வதற்குக் கை இல்லை. மேஸ்திரியம்மா அவருக்கும் நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். ஐந்து மாதம் பேச்சுவார்த்தை. இருக்கும் இடத்திலேயே கட்டித்தர ஒப்புக்கொண்டார்கள். நான்காம் வருஷம் சாவி வாங்கினோம்!

ஆனால் லியாகத் அலியை அந்த வாரமே கண்காணாத ஊருக்கு மாற்றினார்கள். மேஸ்திரியம்மா வெற்றியைக் கொண்டாடவே இல்லை. "நாந்தான அவன மாட்டி வுட்டேன்" என்று புலம்புவார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனு எடுத்துக்கொண்டு போய் நின்றார். ஐம்பத்தெட்டு திங்கட்கிழமை! லியாகத் அலி திரும்பி வந்த அன்றுதான் பாயசம் வைத்தார்.

ஒருநாள் குறும்பாகக் கேட்டேன்: "யக்கா, இதே மாதிரி மொத்த கவுருமெண்டையும் கவுத்துடலாமா?" முறைத்தார். "கவுத்துட்டு? மறுநாளு குப்பைய யாரு வார்றது, நீயா? நம்ம எட்டு பிளாக்கு ஜெயிச்சோம். நாடு ஜெயிக்கிற கத எனக்கு இன்னா தெரியும்? ஆனா எவன் பெரிய கவுருமெண்ட்டா இருந்தாலும் ஆளு வரலேன்னா வேல நடக்காது. அது தெரியும்." எத்தனை மேடையில் எத்தனை பேர் முழங்கக் கேட்டிருக்கிறேன்! இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நண்பர்களே, முடிக்கிறேன். லியாகத் அலி என் சட்டையை இழுக்கிறார். கடைசி வரிசையைப் பாருங்கள். காத்திவாக்கத்திலிருந்து இருபது பேர் வந்திருக்கிறார்கள், உப்பங்கழியில் இறால் பிடிக்கிறவர்கள். குப்பத்தைக் காலி செய்யச் சொல்லி இவர்களுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மேஸ்திரியம்மாவைப் பார்த்து யோசனை கேட்கத்தான் செவ்வாய்க்கிழமை புறப்பட்டு வந்தார்கள். அவர் உடலுக்கு மாலைதான் போட முடிந்தது. "கவுருமெண்ட எதுத்து நாங்கோ ஜெயிக்க முடியுமாண்ணே?" என்று என்னைக் கேட்டார்கள். மேசையைக் குத்திப் பேசுகிற நான் என்ன பதில் சொல்வேன்?

இந்த மாதிரிக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து எழுந்து மௌனம் காப்பது வழக்கம். இன்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள், கான்ட்ராக்டில் அரசாங்க வேலை செய்கிறவர்கள், நீங்கள் மட்டும் முதலில் எழுந்திருங்கள். பயப்படாதீர்கள், நான் பெயர் எழுதவில்லை. இந்தக் குப்பத்தைக் காலி செய்யப் போகச் சொன்னால், அதற்கு முன் ஒரு தடவை அங்கே போய் டீ குடித்துவிட்டு வருவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள், போதும்.

வாருங்கள் நர்சம்மா. டிரைவர் தம்பி, எழுந்திருங்கள். மதி, நீயுமா! அந்தப் பக்கம் பத்து, பதினைந்து... அடேயப்பா! காத்திவாக்கத்துத் தாய்மார்களே, அழாதீர்கள், நன்றாக நிமிர்ந்து பாருங்கள். வாசலில் பந்தோபஸ்துக்கு வந்திருக்கும் காவலர் தம்பி, நீங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். மனசிருந்தால் தொப்பியை மட்டும் கழற்றுங்கள்.

நன்றி தம்பி.

இப்போது மற்றவர்களும் எழுந்திருக்கலாம்.