இரண்டு கிலோ தேன்

தேன் பிடித்திருந்ததா, ஃபாதர்? மலைத்தேன், கொஞ்சம் கசக்கும். நல்ல தேனுக்கு அதுதான் அடையாளம். ஒரு பயணிக்கு இரண்டு கிலோ வரை சுங்கத்தில் விடுவார்கள். இறைச்சியும் பாலாடைக்கட்டியும் துளிக்கூடக் கூடாது. எவ்வளவு சுத்தமாகப் பொதிந்திருந்தாலும் வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவார்கள்.

உங்களுக்கு இதெல்லாம் தெரியும். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் நம் ஜார்ஜியப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்பதைப் பார்த்திருக்கிறீர்கள். "லமாராகிட்ட கேளுங்க" என்று நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். நானும் அலுக்காமல் சொல்வேன். இத்தாலிக்கு வர விசா வேண்டாம், ஆனால் நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். திரும்பிப்போக டிக்கெட் வேண்டும். காப்பீடு வேண்டும். கையில் செலவுக்குப் பணம் வேண்டும். தங்கும் இடத்துக்குச் சான்று வேண்டும், வீட்டில் தங்குவதென்றால் அந்த வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம். அந்தக் கடிதத்தை எத்தனையோ பேருடைய அம்மாக்களுக்கு நான் எழுதித் தந்திருக்கிறேன். சின்னச் சின்ன உதவிகளில்தான் கர்த்தர் குடியிருக்கிறார் என்று நீங்கள் பிரசங்கத்தில் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்வேன், பெருமை வந்துவிடக் கூடாதே என்று.

இன்று பாவமன்னிப்புக்கு வந்தது என் தங்கை மக்வாலா விஷயமாக. அவள் எனக்குத் துரோகம் செய்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக் கூடாது அல்லவா?

அவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். இந்த பாரி நகரத்துக்கு அவளை அழைத்து வந்ததே நான்தான். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை வாங்கித் தந்தேன். தொண்ணூறு நாள் முடிந்தது, அவள் போகவில்லை. யார்தான் போனார்கள்? இங்கேயே எலிசோ பிறந்தாள். தகப்பன் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. எனக்கு முறையான காகிதங்கள் இருந்தன, கணவர் விட்டுப்போன வீடு இருந்தது, பிள்ளை இல்லை. எலிசோ என் மடியில்தான் வளர்ந்தாள்.

எலிசோவுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஊரில் எங்கள் அம்மா படுத்த படுக்கையானாள். மக்வாலா என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நான் போனா திரும்ப விடுவாங்களா?"

"விடுவாங்கடி. அபராதம் கட்டச் சொல்லுவாங்க, கட்டிடலாம். அம்மா முகத்தைப் பார்த்துட்டு வா."

நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுக் குழந்தையை என் பொறுப்பில் விட்டுப் போனாள். வெளியேறும்போது விமான நிலையத்தில் கூடுதலாகத் தங்கிய நாட்களைக் கணக்குப் பார்த்து, திரும்பி வர ஐந்து ஆண்டுத் தடை போட்டார்கள். அப்படிப் போடுவார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் சாகக் கிடக்கிற தாயை ஒரு மகள் பார்க்க வேண்டுமா, வேண்டாமா? தெரிந்ததைச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அது என்னால் நடந்தது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மா தன் பிள்ளையை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். பெரியம்மா, "பெரியம்மா, இங்க வா" என்பாள். நாம் யாரோ, அந்தப் பெயரையே குழந்தைக்குக் கொடுத்துக் கூப்பிடுகிறோம். நானும் எலிசோவைப் "பெரியம்மா" என்றுதான் கூப்பிட்டு வந்தேன். மக்வாலா போன குளிர்காலத்தில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, "கண்ணைத் திற, அம்மா" என்றேன். வாய் தவறி வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் நான் திருத்திக்கொள்ளவில்லை. குழந்தையும் என்னை அம்மா என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது.

தடை முடிந்ததும் மக்வாலா வருகிறேன் என்றாள்.

"பொண்ணை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறேன் அக்கா. மூணே வாரம்."

"வா. ஆனா சீஸ் கீஸ் எடுத்துட்டு வராதே."

"நம்ம சீஸைப் பார்த்து இத்தாலிக்காரன் ஏன் அக்கா இப்படி நடுங்கறான்? அவன் சரக்கு விலைபோகாதுன்னா?"

"சட்டத்தைக் கிண்டல் பண்ணாதடி. தேன் ரெண்டு கிலோ. வால்நட் மிட்டாய் மாலை எவ்வளவு வேணா கொண்டு வா."

"அவளுக்குச் சீஸ்தான் பிடிக்கும். மூணு வயசுலயே முழுசாத் தின்னுவாளே."

"இப்ப அவளுக்கு என்ன பிடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். வருவதற்கு ஒரு பெயர். திரும்பிப்போக இரண்டு பெயர். இரண்டாவது எலிசோ.

அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஃபாதர். பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னவள். நான் மடியில் போட்டு வளர்த்த குழந்தை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவோ செய்திருக்கிறேன், அதையெல்லாம் சொல்லிக்காட்டுவது அழகல்ல. "எல்லாம் சரியா இருக்கு" என்று பதில் அனுப்பினேன். நான் சண்டை போடுகிறவள் இல்லை.

"கடிதம் எப்ப அனுப்புவே?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்குடி கடிதம், சொந்தத் தங்கச்சிக்கு? பணமும் கொண்டு வராதே, வழியில தொலைச்சிடுவே. கேட்டா என் நம்பரைக் குடு. நான் சொல்றேன்."

"நீ சொன்னாப் போதும்ல?"

"போதும்."

அவள் வந்த அன்று காலையில் அவளுக்குப் பிடித்த மாதிரி கொத்தமல்லி போட்டு பீன்ஸ் வேகவைத்தேன். சோள ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்தேன். எலிசோ வரவேற்பறையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"சிஞ்ஞோரா, விமான நிலையக் காவல்ல இருந்து பேசறேன். மக்வாலான்னு ஒரு பொண்ணு வந்திருக்காங்க. உங்க தங்கச்சியாம், உங்க வீட்லதான் தங்கப் போறாங்களாம். கையில பணம் இல்லை, கடிதமும் இல்லை. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுடலாம்."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பேரைத் திரும்பச் சொல்றேன். இந்த அம்மா அழுதுட்டு இருக்காங்க" என்றார்.

"தப்பான நம்பரா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். விமான நிலையத்தில் தடுத்து வைக்கும் அறையில் பயணிகளின் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவளால் என்னை அழைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அடுப்பைத் தணித்தேன். பீன்ஸ் அடிப்பிடிக்கவில்லை.

"யாரும்மா?" என்று எலிசோ கேட்டாள்.

"யாரோ" என்றேன்.

சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்றார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியாம். சீருடைக்கு மேல் ஒரு கோட்டு, கையில் துணிப்பை. தோனாத்தோ என்று பெயர் சொன்னார்.

"மன்னிக்கணும் சிஞ்ஞோரா. அந்தப் பொண்ணு கெஞ்சிக் கேட்டுது, இதையாவது இந்த வீட்டுல சேர்த்துடுங்கன்னு. எல்லாம் சோதிச்சாச்சு. கூடாதது ஒண்ணும் இல்லை."

எலிசோ என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். மக்வாலாவின் அதே நெற்றி, அதே மோவாய். யாருக்கும் தெரியும்.

"உன் பேரு என்ன செல்லம்?"

"எலிசோ."

அவர் திரும்பி டிக்கெட்டில் இருந்த பெயரை என் முகத்தில் வாசிப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவங்களைத் திருப்பி அனுப்பற விமானம் நாளைக்குக் காலையிலதான். இன்னும் எதுவும் பதிவு பண்ணலை. பயந்துபோய் ஏதோ சொல்லிட்டீங்க, அவ்வளவுதான். யாருக்கும் வர்றதுதான். என்கூட வாங்க, நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

தெருவில் மீன்காரர் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். எலிசோ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க ஊர்ல இந்தப் பேரு நிறைய இருக்கு சார்" என்றேன்.

அவர் பையைத் தரையில் வைத்தார். என்னிடம் தரவில்லை. எலிசோவின் காலடியில் வைத்தார்.

அதில் தேன் இருந்தது, வால்நட் மாலைகள் இருந்தன, ஒரு கம்பளிச் சட்டையும் இருந்தது. சட்டை சின்னது. மூன்று வயதுப் பிள்ளை எட்டு வயதில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று பெற்றவளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு என் மனசாட்சி தெளிவாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மக்வாலா ஊரிலிருந்து பேசினாள்.

"அக்கா, கோபமா? எல்லாம் என் தப்பு. உன் நம்பர்ல ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டேனாம். யாரோ ஒரு அம்மா எடுத்திருக்காங்க. அந்த ஆபீசர்தான் சொன்னாரு. உன் வீட்டைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள மறுப்புப் பதிவாயிடுச்சாம். அவரு என்னவோ அவர் பண்ண தப்பு மாதிரி மன்னிப்புக் கேட்டாரு. காலையில காப்பி வாங்கிக் குடுத்தாரு. பொண்ணு என்னை மாதிரியே இருக்கான்னு சொன்னாரு. நீ பீன்ஸ் செஞ்சு காத்துட்டு இருந்திருப்பே, பாவம்."

"ஆமா" என்றேன். "காத்துட்டுதான் இருந்தேன்."

"டிக்கெட்டுல அவ பேரையும் போட்டதுக்கு மன்னிச்சுக்க அக்கா. நேர்ல கேட்கணும்னுதான் நினைச்சேன். நீயும் எங்ககூட வந்துடேன்னு கேட்கலாம்னு."

மறுபடி வர முடியுமா என்று கேட்டாள். ஒரு முறை மறுத்தால் கணினியில் நிற்கும், அவசரப்படாதே, விதிகளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

இவ்வளவுதான், ஃபாதர். என்னிடம் மறைத்தவளை நான் முழுமனதாக மன்னித்துவிட்டேன். தொலைபேசியில் இரண்டு முறையும் வாசலில் ஒரு முறையும் நான் தெரியாது என்றது உண்மை. அதற்கு என்ன பரிகாரம் சொன்னாலும் செய்கிறேன், உபவாசமோ ஜெபமோ. ஒரு குழந்தை அழாமல் இருப்பதற்காகச் சொன்னது என்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலிசோ அழவில்லை. அவள் தேனைத் தொடாததால்தான் கோயிலுக்குக் கொண்டு வந்தேன், வீணாகப் போக வேண்டாமே என்று. அந்தச் சின்னச் சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். அவள் என்னை இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அம்மா என்றும் இல்லை, பெரியம்மா என்றும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாள், நான் பார்க்கும்வரை. வளரும் வயது, ஃபாதர். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.