தோள் மாற்ற ஆள் வராத மலை

சாயங்காலம் ஐந்தே முக்கால் மணி... சிரிக்காதீர்கள். பேய்க்கு நடுச்சாமம்தான் வேண்டும் என்று எவன் சொன்னான்? மெயின்லேண்டில் அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருக்கும். நம் தீவில் மார்கழி என்றால் ஐந்து மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். ஐந்தே முக்காலுக்குக் கும்மிருட்டு. உங்களுக்குத் தெரியாததா... நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கரண்ட் வரும்போது வரட்டும்.

பாம்பூபிளாட் ஜெட்டியிலிருந்து மலைக்கு ஏறும் ரோடு. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பள்ளம். அந்த ரோட்டில் ஒருத்தன் இறங்கி ஓடி வருகிறான். தோளில் எட்டு வயதுப் பெண் பிள்ளை...

பக்கத்து லைன் வீட்டில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஈஸ்வரன் இருக்கிறானே, அவன் தங்கச்சி உதயாவின் புருஷன்தான் இந்த ஓடி வருகிறவன். காத்தமுத்து. மலை உச்சியில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வாட்ச்மேன். உதயா தன் தாயாருக்குக் கண் ஆபரேஷன் என்று கப்பலேறிப் போயிருந்தாள். வீட்டில் அப்பனும் மகளும் மட்டும். விறகடுக்கில் சுள்ளி எடுக்கப் போன பிள்ளை ப்ரியங்காவுக்குக் கணுக்காலில் ஏதோ சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்தாள். காத்தமுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை... கட்டுவிரியன்.

ஈஸ்வரனுக்குப் போன் போட்டான்.

"நடக்க விடாதே மாப்ளே! தூக்கிட்டு இறங்கு. மத்தியானம் விழுந்த மரம் இன்னும் ரோட்டுக்குக் குறுக்கக் கிடக்கு, வண்டி அதுக்கு மேல ஏறாது. நான் மரத்துக்கிட்ட வந்துடறேன். ஆறரை வெஹிக்கிள் ஃபெரியைப் புடிச்சாதான் அக்கரைல பெரிய ஆஸ்பத்திரி. ஜல்தி!"

மரம் வரைக்கும் இரண்டரை கிலோமீட்டர். அவன் கையில் ஒரு டார்ச்.

"அப்பா, கண்ணு தானா மூடுது."

"மூடாதே பாப்பா. ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

"உனக்கே தெரியாது."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். சொல்லு."

"ஓரேழு ஏழு... ஈரேழு..."

பதினாலு வரவில்லை. நாக்கு தடித்துவிட்டது.

இந்த இடத்தில் ராஜா கதையைச் சொல்லியாக வேண்டும். பதறாதீர்கள், காத்தமுத்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

தெற்கே வேங்கைக்குறிச்சி என்று ஒரு சின்னப் பாளையம். அதன் கடைசி ராஜா அவன். பன்னிரண்டு வயதில் பட்டம். பங்காளிச் சண்டையில் கைவிட்டுப் போன நாற்பது ஊரையும் இருபத்தைந்து வயதுக்குள் மீட்டவன். அதன் பிறகு அவன் பாதம் மண்ணில் பட்டதில்லை. கட்டிலிலிருந்து பல்லக்கு, பல்லக்கிலிருந்து சிம்மாசனம்.

பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பங்குனி உத்திரத்துக்குச் சாமி தூக்குகிற காத்தமுத்துவுக்கும் அது தெரியும். மாற்ற வருகிறவன் பின்னாலிருந்து தண்டுக்குத் தோள் கொடுப்பான். "ஏத்துக்கிட்டேன்" என்பான். அந்தச் சொல் காதில் விழாமல் முன்னவன் விலகக் கூடாது. உயிரே போனாலும்.

ஒரு மழைநாள். ராஜா கோட்டைக்குத் திரும்புகிறான். முன்தண்டுக்காரனுக்கு நல்ல காய்ச்சல். தோள் மாற்ற வேண்டும் என்று கேட்டான். "கோட்டை வரட்டும், பார்க்கலாம்" என்று உள்ளேயிருந்து சொன்னான் ராஜா. கோட்டை வந்தது. பல்லக்கு இறங்கியது. முன்தண்டுக்காரன் குனிந்த தோள் நிமிராமல் நின்றான். நின்றபடியே செத்திருந்தான்.

அப்புறம் வெள்ளைக்காரன், வரி, சண்டை, காட்டிக்கொடுக்க ஒரு சொந்தக்காரன்... எல்லா ராஜ்ஜியமும் போன வழியில் அதுவும் போனது. ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. வம்சம் அவனோடு சரி. காலில் இரும்பு வளையம் பூட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பல வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாதம் மண்ணில் பட்டது நம் தீவில்தான். மலை உச்சியில் துரைக்கு ஒரு பங்களா. துரை ஏறிப்போகத் தண்டு கட்டிய நாற்காலி. தூக்க ஒரு தோள் குறைந்தது. ராஜாவை நிறுத்தினார்கள்.

ஒருநாள் காய்ச்சலோடு ஏறினான். தோள் மாற்ற வேண்டும் என்று கேட்டான். துரைக்குத் தமிழ் தெரியாது. உச்சியில் நாற்காலி இறங்கியது...

மிச்சம் நான் சொல்ல வேண்டாம். இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறான் என்பார்கள், மலையடிவாரத்தில்.

இரண்டாவது வளைவில் காத்தமுத்துவின் கை மரத்துப்போனது. பிள்ளை நழுவுகிறாள். தூக்கிப் போட்டுக்கொள்கிறான். மறுபடி நழுவுகிறாள். அப்போதுதான் பின்னால்...

ஹும்... ஹும்... ஹும்...

பல்லக்குச் சுமக்கிறவர்கள் போடுகிற சத்தம், ஆனால் ஒற்றை ஆள். அடிக்கொரு தரம் கிணிங் என்று இரும்புச் சத்தம். நனைந்த கயிறும் வேப்பெண்ணெயும் கலந்த ஒரு வாடை.

"தோள் மாத்தவா?"

பாரத்தோடு திரும்பிப் பார்க்கக் கூடாது. சாமி தூக்குகிறவன் பழக்கம் அது. மேலே வேலை முடிந்து இறங்கும் ஆள் யாரோ என்று நினைத்தான்.

"மாத்துங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

"ஏத்துக்கிட்டேன்."

பாரம் போய்விட்டது. பிள்ளை போகவில்லை. அவள் கன்னம் அவன் கழுத்தில்தான் இருந்தது, மூச்சு சூடாகப் பட்டது. எடை மட்டும் இல்லை. ஒரு துண்டைத் தோளில் போட்ட மாதிரி.

யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? ஓடினான்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வெளிச்சம். ஈஸ்வரன் கையை நீட்டி, மரத்துக்கு மேலே பிள்ளையை வாங்கினான். ஸ்ட்ரெச்சரில் போட்டான். "மாப்ளே... பாப்பாவுக்கு மூச்சில்லையே!"

காத்தமுத்துவின் வலது தோளில் மரக்கட்டை ஒன்று வந்து அழுந்தியது. காதுக்குப் பக்கத்தில் அந்தக் குரல்.

"உன்னோடதை நான் ஏத்துக்கிட்டேன்... என்னோடதை?"

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அது மிரட்டவில்லை. வேண்டியதில்லையே. பிள்ளையின் நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காத்தமுத்து இருட்டுக்குள் ஏறும் ரோட்டை ஒரு தடவை பார்த்தான். மகளைப் பார்த்தான்.

"ஏத்துக்கிட்டேன்."

தண்ணீருக்குள் முங்கி எழுந்தவள் மாதிரி ப்ரியங்கா மூச்சை இழுத்தாள்.

"ஏறு மாப்ளே, ஃபெரி போயிரும்!"

"நீ போ மச்சான்."

"பாகல் ஹோ கயா க்யா? பைத்தியமா உனக்கு? ஏறுடா!"

"என்னால இறக்க முடியாது... வழியெல்லாம் பேச்சுக் குடுத்துட்டே போ. ஈரேழுல நிக்கறா."

டார்ச் வெளிச்சத்தில் ஈஸ்வரன் பார்த்தான். மாப்பிள்ளை தோளில் ஒன்றுமே இல்லை. ஆனால் தோள் சாய்ந்து, சட்டை நசுங்கியிருந்தது. இழுத்து ஏற்ற நேரமில்லை. கதவைச் சாத்தினான். வண்டியைக் கிளப்பும்போது ஜன்னலோரமாக யாரோ வெறுங்காலோடு கீழே இறங்கிப் போனார்கள். ஜெட்டிப் பக்கமாக. கிணிங்... கிணிங்... அவசரமே இல்லாமல். நடை பழகுகிற குழந்தை மாதிரி.

ஆறரை ஃபெரி கிடைத்தது. பிள்ளை பிழைத்தாள்.

மறுநாள் மரத்தடியில் காத்தமுத்துவின் செருப்பு இரண்டும் கிடந்தன, மலையைப் பார்த்தபடி. ஈரமண்ணில் காலடித்தடம், ஒவ்வொன்றும் ஒரு ஜாண் ஆழம். உச்சி வரைக்கும் போனது. திரும்பி வந்த தடம் இல்லை. போலீஸ், ஃபாரஸ்ட் என்று பத்து நாள் தேடினார்கள்...

ஐந்து வருஷம் ஆகிவிட்டது. உதயா இப்போது அக்கரை டவுனில், ஜங்லிகாட் பகுதியில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த வீட்டுக் கதவு நிலையில் ஒரு கரிக்கோடு. காத்தமுத்துவின் தோள் உயரத்துக்கு. யார் போட்டது என்று தெரியாது. மூன்று தடவை பெயிண்ட் அடித்துவிட்டாள். மூன்று தடவையும் பெயிண்டை மீறித் தெரிந்துவிட்டது. கிட்டே போனால் வேப்பெண்ணெய் வாடை.

தினமும் ஐந்தே முக்காலுக்கு ப்ரியங்கா எழுந்து போய், அந்தக் கோட்டுக்குத் தன் வலது தோளை வைத்துப் பார்ப்பாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உதயா அடித்தாலும் விடமாட்டாள், அழவும் மாட்டாள். பார்த்துவிட்டு வந்து பாடம் படிப்பாள்.

பதின்மூன்று வயது. வளர்கிற வயதில்லையா...

பிள்ளைக்குப் பால், முட்டை எல்லாவற்றையும் உதயா நிறுத்திவிட்டாளாம். ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கிவிட்டாளாம். பெற்றவள்... வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்.

போன பொங்கலுக்கு நாலு விரல் பாக்கி இருந்தது. இப்போது இரண்டு.